எண்ணெய் குடிக்காத வேன்

அன்புள்ள தம்பிக்கு,

செபராங் ஜெயாவில் வீடு பிடித்துக் குடிபோன சூடு ஆறுவதற்குள் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்ற வேனும் வாங்கிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அதைச் சொன்னபோது உன் குரல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "டீசல் வேன்மா! எந்த எண்ணெய் ஊத்தணும், எத்தன கிலோமீட்டர்ல மாத்தணும், அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க," என்றாய். கேட்டேன். உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "என்கிட்டயா? அதெல்லாம் உங்கம்மா டிப்பார்ட்மென்ட் லா. எனக்கு எண்ணெய் வாங்க மட்டுந்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு உனக்குப் புரிந்திருக்காது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி நானும் போனை வைத்துவிட்டேன். போனில் நான் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். எழுதும்போது அந்தத் தயக்கம் இல்லை. இது உனக்கான கடிதம்தான், ஆனாலும் முதல் வண்டி வாங்கியிருக்கும் வேறு பிள்ளைகள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் பதினேழு வயதிலேயே பட்டு முடித்துவிட்டேன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். விற்றவர் "போன வாரந்தான் எண்ணெய் மாத்தினேன்" என்று சொல்லியிருப்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும், நீ நம்பாதே. இந்த வாரமே எண்ணெயை இறக்கிவிட்டுப் புதியது ஊற்று, பில்டரையும் சேர்த்து மாற்று. அன்றிலிருந்துதான் உன் கணக்கு தொடங்குகிறது. டின்னை வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதே, திருப்பிப் பின்பக்கத்தைப் பார். அங்கே சிறிதாக இரண்டு மூன்று எழுத்து இருக்கும். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. சில டின்களில் இரண்டும் இருக்கும். அப்படியானால் சி முதலில் இருப்பதாகப் பார்த்து எடு. டீசல் எஞ்சின் கரியைக் கக்கும். அந்தக் கரியைப் பிடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும் மருந்து சி எண்ணெயில்தான் போதுமான அளவு இருக்கிறது. ஆகவே ஊற்றிய சில நாளிலேயே அது கறுத்துப் போனால் பயப்படாதே. கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நம் துணி துவைக்கும் தண்ணீர் கறுப்பதைப் பார்த்து சோப்பைத் திட்டுவோமா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவுக்குச் சாம்பார் வைக்கத் தெரியும், டீசல் எண்ணெய் தெரியும் என்று இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு வளர்ந்துவிட்டாய். தமிழ்ப் பள்ளியை முடித்து நான் இடைநிலைப் பள்ளிக்குப் போனது கொஞ்ச நாள்தான். வகுப்பில் பாடம் எனக்குப் புரிந்தது, ஆனால் ஆசிரியர் என் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேனே தவிர வாய் திறக்காது. மலாயிலும் வராது, ஆங்கிலத்திலும் வராது, கடைசியில் தமிழிலும் வராமல் போனது. ஒரு நாள் புத்தகப் பையை வைத்துவிட்டு "இனிமே போகல" என்றேன். வீட்டில் அன்று நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீடு. உன் பெரிய மாமாதான் எனக்கு எல்லாம். அவர் அடிக்கவுமில்லை, அழவுமில்லை. பினாங்குத் தீவில் டத்தோ கெராமாட் சாலையில் அவர் வைத்திருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு, "இங்க உக்காந்து ஸ்டாக் பாரு. யாரும் உன்கிட்ட பேசமாட்டாங்க," என்றார். எனக்கு சொர்க்கம் கிடைத்த மாதிரி இருந்தது.

அங்கே உட்கார்ந்து டின்களைப் படித்தேன். வேறென்ன வேலை? சி எண்ணெய், எஸ் எண்ணெய், முப்பது, நாற்பது என்று அதன் கெட்டித்தன்மை, எல்லாம் மனதில் ஏறிவிட்டது. நம் ஊர் சூட்டுக்கு நாற்பதுதான் எல்லோரும் கேட்பார்கள். உன் காலத்தில் பதினைந்து டபிள்யூ நாற்பது என்று வருகிறது. குளிரும்போதும் ஓடும், சூட்டிலும் நீர்த்துப் போகாது. உன் வேனுக்கு அதுவே போதும். விலை அதிகமானதை வாங்கி அதிக நாள் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நடுத்தரமானதை வாங்கி நேரத்துக்கு மாற்றுகிறவன் வண்டிதான் நீண்ட நாள் ஓடும். அலமாரிக்குப் பின்னால் இருந்தபடி நான் பார்த்த வண்டிகள் எனக்குச் சொன்னது அது.

உன் அப்பா அந்தக் கடைக்கு முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை. அப்போது அவர் இருந்தது கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில். அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்க ஒரு பழைய டீசல் வேன் வாங்கியிருந்தார். பாலம் வராத காலம். ஏதோ சரக்கை இறக்க ஃபெர்ரியில் தீவுக்கு வந்தவர், எங்கள் கடையைப் பார்த்து நுழைந்தார். "அண்ணே, எஞ்சின் ஆயில் இருக்கா? மலிவா ஒண்ணு குடுங்க," என்றார். மாமா கீழே இருந்த ஒரு டின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பில் போடக் குனிந்தார். அது எஸ். வாசலில் நின்றிருந்த வேனோ டீசல், அதன் சத்தத்திலேயே தெரிந்தது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி அந்த டின்னை இழுத்துக்கொண்டு, அதே இடத்தில் ஒரு சி டின்னை வைத்தேன். உன் அப்பா கண்ணால் பார்த்தார், ஒரு வளையல் போட்ட கை, ஒரு டின் போனது, ஒரு டின் வந்தது. "அண்ணே, உங்க கடையில பேய் இருக்கா?" என்றார். மாமா நிமிர்ந்து டின்னைப் பார்த்தார். "பேய் இல்ல, என் தங்கச்சி. பேய்னாலும் பரவால்ல, சரியாத்தான் எடுத்து வெச்சிருக்கு. உங்களுது டீசல்தானே?" உன் அப்பா அலமாரி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். நான் முக்காலியோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். எண்ணெய். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். எண்ணெய். நன்றாக உடுத்தி, தலையைப் படியச் சீவி, ஃபெர்ரியில் கடலைத் தாண்டி வந்து, ஒரு டின் எண்ணெயோடு திரும்பிப் போவார். மாமாவுக்கு முதலில் சந்தோஷம், பிறகு சந்தேகம், பிறகு இரக்கம். பக்கத்துப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த ஆ லியோங்கிடம் சொன்னார். ஆ லியோங் தமிழும் மலாயும் கலந்து பேசுவார், கிண்டல் மட்டும் எந்தக் கலப்பும் இல்லாமல் வரும். மாமாவை 'தவுக்கே', அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார். "தவுக்கே, அந்த வேன் எண்ணெய் குடிக்குது லா. டீசல் கொஞ்சம், எண்ணெய் நெறைய. ரிங் போச்சு, பிஸ்டன் போச்சு, எல்லாம் காலி!" என்றார். அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு எங்கள் கடையில் எண்ணெய் மணியம் என்று பெயர் விழுந்துவிட்டது. மாமா நேராகவே கேட்டார்: "ஏன் தம்பி, பட்டர்வொர்த்துல எண்ணெய் கடையே இல்லியா?" உன் அப்பா அசரவில்லை. "இருக்குண்ணே. ஆனா உங்க கடை எண்ணெய்தான் என் வண்டிக்கு ஒத்துக்குது."

எனக்கு அது புரிய சில வாரம் ஆனது. எண்ணெய் குடிக்கிற எஞ்சினை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உனக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள். கிளப்பும்போதும், ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் நீலப் புகை வரும். புகைக்குழாய் வாயில் பிசுபிசுப்பான கரி படிந்திருக்கும். உன் அப்பா கிளம்பும்போதெல்லாம் நான் அலமாரி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நீலப் புகை இல்லை. புகைக்குழாய் வாயில் பிசுபிசுப்பும் இல்லை. சரி, எஞ்சின் குடிக்கவில்லை, அடிக்கடி மாற்றுகிறாரோ என்று யோசித்தேன். மாற்றுகிறவர் பில்டர் வாங்கவேண்டுமே? பழைய பில்டருக்குள் ஒரு குவளை அளவுக்குப் பழைய எண்ணெய் தங்கியிருக்கும். அதை மாற்றாமல் புது எண்ணெய் ஊற்றினால் குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்ட கதைதான். இவர் ஒரு தடவைகூட பில்டர் கேட்டதில்லை. எஞ்சினும் குடிக்கவில்லை, எண்ணெயையும் மாற்றவில்லை. அப்படியானால் இந்த மனிதர் கடல் தாண்டி வருவது எதற்கு? அது புரிந்த நிமிஷத்தில் என் காது இரண்டும் சூடாகிவிட்டது. கையிலிருந்த டின்னை எங்கே வைத்தேன் என்று நான் அன்று முழுதும் தேடினேன்.

இந்தச் சமயத்தில்தான் கெப்பாலா பத்தாஸிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. அங்கே அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். மரியாதையான குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே வாரம் உன் அப்பாவும், இந்தச் செய்தி எப்படியோ காதில் விழ, தன் அக்காவைக் கடைக்கு அனுப்பிப் பெண் கேட்டுவிட்டார். அந்த அக்கா போன பிறகு மாமா கடைக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து தன் மனைவியிடம், உன் அத்தையிடம், சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பையன் நல்லவன்தான். ஆனா அந்த வேன் இன்னிக்கோ நாளைக்கோ படுத்துக்கும். எஞ்சினைப் பிரிச்சா வருசம் பூரா சம்பாதிக்கிறது அதுக்குத்தான் சரியா இருக்கும். ஒரு எஞ்சினைக் காப்பாத்தத் தெரியாதவன்கிட்ட என் தங்கச்சிய எப்படிக் குடுப்பேன்?"

"அவகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்," என்றார் அத்தை.

"கேட்டா சொல்லிடுவாளாக்கும்! அவ வாயத் தொறந்து நான் பார்த்து மாசக் கணக்காச்சு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, தம்பி. அவருக்குத் தெரிந்த உண்மையை வைத்து அவர் சரியாகத்தான் முடிவெடுத்தார். தெரியாத உண்மை என்னிடம் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தலைகுனிந்து காப்பித் தட்டை நீட்டுவேன், அவ்வளவுதான், என் வாழ்க்கை கெப்பாலா பத்தாஸுக்குப் போய்விடும். அதுவும் கெட்ட வாழ்க்கையாக இருந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குக் காது சூடாகியிருக்காது.

சனிக்கிழமை வந்தது. உன் அப்பாவும் வந்தார். அன்று தலை சீவியிருந்தாரே தவிர முகத்தில் களை இல்லை. "ஒரு டின் குடுங்கண்ணே," என்று கேட்டதுகூட மெதுவாகத்தான். ஆ லியோங் வாசலில் நின்று, "மணியம், உன் வேன் உன்ன விட நல்லா சாப்பிடுது லா," என்றார். மாமா சிரிக்காமல் டின்னை எடுத்தார். நான் எழுந்தேன். முக்காலி விழுந்தது. அலமாரியைச் சுற்றிக்கொண்டு கடையின் முன்பக்கத்துக்கு வந்து நின்றேன், பட்டப்பகலில், மூன்று ஆண்கள் முன்னால்.

"அண்ணே, அந்த வேன் எண்ணெய் குடிக்கல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"பின்ன யாரு குடிக்கிறா, இவனா?" என்றார் மாமா.

"யாரும் குடிக்கல. நீல புகை வரல. பில்டரும் வாங்கல. நம்ம டின்னுங்க எல்லாம் அவங்க வீட்டுலதான் இருக்கும். வேணும்னா போயி பாருங்க."

உன் அப்பா வெளுத்துப் போனார். ஆ லியோங் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு உன் அப்பாவைப் பார்த்தார், பிறகு பட்டறையே அதிரும்படி சிரித்தார். "தவுக்கே! வண்டிக்கு ஒண்ணும் ஆகல லா! டிரைவருக்குத்தான் ஆயிடுச்சு!" மாமா கையிலிருந்த டின்னை மேசைமேல் வைத்துவிட்டுக் கடையின் மடக்குக் கதவை இழுத்துச் சாத்தினார். "வாங்க, போயி பாத்துடுவோம்," என்று ஆ லியோங்கையும் கூட்டிக்கொண்டு உன் அப்பாவின் வேனிலேயே ஏறினார். மாப்பிள்ளை வீடு பார்க்க மெக்கானிக்கோடு போன குடும்பம் பினாங்கில் எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் வெங்காயம் மட்டுமல்ல, வீட்டிலிருந்த பூண்டையும் இஞ்சியையும்கூட உரித்து முடித்திருந்தேன். மாமா உள்ளே வந்ததும் அத்தையிடம் சொன்னார்: "உள்ள போனதும் ரொம்ப மரியாதையா பெஞ்சுல உக்கார வெச்சான். விரிப்பெல்லாம் போட்டிருந்தான். காப்பி குடிச்சுகிட்டே, 'தம்பி, எண்ணெய் டின்னுங்க எங்க?'ன்னு கேட்டேன். விரிப்ப இழுத்து விட்டான். ஆ லியோங் குனிஞ்சு விரிப்பத் தூக்கினான். வரிசையா நம்ம கடை டின்னு, சீல் உடைக்கல, மேல ஒரு பலகை. நான் வித்த எண்ணெய் மேலயே என்னை உக்கார வெச்சிருக்கான்!" அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் சத்தம் வராமல் சிரித்தேன்.

ஆனால் மாமா சிரிக்கவில்லை. "இரு, கதை முடியல," என்றார். "கையோட ஆ லியோங் எஞ்சின்ல எண்ணெய் அளவு பாக்கற குச்சிய உருவிப் பார்த்தான். உள்ள இருந்தது எண்ணெய் இல்ல, தாரு! கேட்டா, அவங்கப்பா காலத்துலேர்ந்து ஆயுத பூஜைக்குத்தான் மாத்தறதாம். வண்டியக் குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அன்னிக்குத்தான் புது எண்ணெயாம். இத்தன டின்னு வாங்கி அதுல ஒரு சொட்டு ஊத்தல. நான் குடிக்குதுன்னு நெனச்சேன். இவன் பட்டினி போட்டிருக்கான்!"

அத்தையின் சிரிப்பு நின்றது. மாமா கதவைப் பார்த்துப் பேசினார், நான் அங்கே இருப்பது தெரிந்துதான். "வண்டியப் பட்டினி போடறவன் உன்னையும் போடமாட்டான்னு என்னம்மா நிச்சயம்?"

காலையில் ஒரு தடவை பேசியதே எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும் என்று இருந்தது. ஆனாலும் கதவைத் திறந்துகொண்டு வந்தேன். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"அண்ணே, வேண்டிய எண்ணெய எல்லாம் வாங்கித்தான் வெச்சிருக்காங்க. எப்ப ஊத்தணும்னுதான் தெரியல. அத நான் சொல்லிக்கிறேன்."

மாமா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, கெப்பாலா பத்தாஸ்காரர்களுக்குப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வர அன்று மாலையே கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த எண்ணெய மொதல்ல ஊத்தச் சொல்லு. ஊத்தின பிறகுதான் நாள் குறிப்பேன்," என்றார். ஊற்றிய பிறகுதான் குறித்தார். உன் அப்பா வீட்டிலிருந்து சீர்வரிசைத் தட்டுகள் வந்தபோது சொந்தக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். பழம் ஒரு தட்டு, வெற்றிலை ஒரு தட்டு, சேலை ஒரு தட்டு, மல்லிகைச் சரம் சுற்றிய எண்ணெய் பில்டர்கள் ஒரு தட்டு. அது என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆ லியோங், "இது புது மாதிரி பலகாரம் லா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜைக்கு எண்ணெய் மாற்றும் பழக்கத்தில் என்ன தப்பு என்று நீ கேட்கலாம். பூஜையில் தப்பில்லை, தம்பி. பொட்டு வை, பழம் நசுக்கு, எனக்கும் ஒரு படம் அனுப்பு. ஆனால் எஞ்சினுக்குப் பண்டிகை தெரியாது. அது ஓடிய ஓட்டம்தான் அதற்குத் தெரியும். அப்போது நாங்கள் மூவாயிரம் மைலுக்கு ஒரு தடவை மாற்றினோம். உன் கிலோமீட்டரில் ஐயாயிரம் என்று வைத்துக்கொள். வண்டியோடு வந்த புத்தகம் அதைவிடக் கூடுதலாகச் சொல்லலாம். அது நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்குச் சொன்னது. நீயோ ஆள் ஏற்ற நிறுத்துவாய், இறக்க நிறுத்துவாய், ஷிப்ட் மாறும் வரை தொழிற்சாலை வாசலில் ஏர்கண்டிஷனைப் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பாய். நிற்கும் வண்டியில் கிலோமீட்டர் ஏறாது. எண்ணெய் மட்டும் உள்ளே உழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஐயாயிரத்தைத் தாண்டாதே. ஓட்டம் குறைந்து வண்டி சும்மா நின்றாலும் ஆறு மாதத்துக்கு மேல் விடாதே.

மாற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், அப்போதுதான் அடியில் இருப்பதும் இளகி வரும். புது பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் எண்ணெய் தடவு, பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார். கையால் இறுக்கினால் போதும், உன் பலத்தையெல்லாம் காட்டாதே. காலையில் கிளப்புவதற்கு முன், சமதரையில், குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டும். நிறைய ஊற்றினால் நல்லது என்று நான் ஒரு தடவை மேல்கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டேன். வேன் கக்கிய புகையைப் பார்த்து, கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று மாக் மண்டினில் எங்கள் கம்பத்து வீடுகளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டன. ஊற்றாமலே அளவு ஏறினால்தான் கவலைப்படவேண்டும். முகர்ந்து பார், டீசல் வாசனை வந்தால் எண்ணெயோடு டீசல் கலக்கிறது. பால் கலந்த காப்பி நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டுக்கும் ஓட்டாதே, பட்டறைக்குக் கொண்டு போ. பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதே. நீ நான்கு வயதில் பழைய எண்ணெய் பிடித்து வைத்த சட்டியில் இரண்டு கையையும் முக்கிச் சுவர் முழுக்கப் பதித்தாயே, வெள்ளையடித்த பிறகும் அது போகவில்லை. கால்வாயிலும் போகாது.

கல்யாணம் முடிந்து நாங்கள் மாக் மண்டினுக்குப் புறப்பட்ட நாளைச் சொல்லி முடிக்கிறேன். சொந்தக்காரர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். உன் அப்பா வேறு யாரையும் ஓட்ட விடாமல், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூவால் மூடிய அந்த வேனைத் தானே ஓட்டினார். நான் பக்கத்தில் பட்டுச் சேலையில். கடையில் அத்தனை சனிக்கிழமை வந்தவருக்கு, இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஃபெர்ரிக்கு நீண்ட வரிசை. வேன் நின்ற இடத்திலேயே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எஞ்சின அணைங்க," என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன?"

"நிக்கிற வண்டி எதுக்கு ஓடணும்? அணைங்க. எண்ணெய் வீணாகுது."

அணைத்தார். சுற்றிலும் திடீரென்று அமைதியாகிவிட்டது. கடல் சத்தம் கேட்டது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "வேற என்னென்ன தப்பு பண்றேன்? சொல்லு, கேட்டுக்கிறேன்," என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். எண்ணெயில் தொடங்கி பில்டர், அதிலிருந்து அலமாரி இடுக்கு, அதிலிருந்து அவர் சட்டை நிறம், எந்தச் சனிக்கிழமை எதைப் போட்டு வந்தார் என்பது வரை. எனக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. வேன் ஃபெர்ரிக்குள் ஏறும்போதும் பேசினேன், நடுக்கடலிலும் பேசினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று நாலாபுறமும் ஹார்ன் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் ஃபெர்ரி கரை சேர்ந்து, முன்னால் இருந்த வண்டியெல்லாம் இறங்கிப் போயிருந்தது. எங்களுக்குப் பின்னால் லோரிகள் வரிசையாக நின்று அலறிக்கொண்டிருந்தன. ஒரு லோரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஹலோ மாப்பிள்ள! வண்டி கெட்டுப் போச்சா?" என்று கத்தினார். உன் அப்பா தலையை வெளியே நீட்டி அவரைவிடச் சத்தமாகக் கத்தினார்:

"இல்லண்ணே! என் பொண்டாட்டி பேசிகிட்டு இருக்காங்க!"

உன் அம்மா.